குமரேசன் வீட்டுத் தக்காளி

கதவைத் தட்டிவிட்டு வருகிற பழக்கம் குமரேசனுக்கு என்றைக்குமே கிடையாது. அன்றைக்கும் திறந்திருந்த கதவு வழியாக நேராக உள்ளே வந்தான். மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த கோலம். மடித்துக் கட்டிய லுங்கி, முழங்காலில் செம்மண், கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தில் ஐந்தாறு தக்காளி.

“தங்கச்சி, இந்தா புடி. நம்ம செடியில முதல் காய்ப்பு.”

என் மனைவி சரோஜா கட்டிலில் தலையணையைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் ஒரு பழத்தைக் கையில் வாங்கினாள். காம்புப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஏங்க, வாசனை வருதுங்க” என்றாள்.

இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் கேட்காத சொல் அது. நான் சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்றிருந்தேன். சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. வயிறு திகுதிகுவென்று எரிந்தது. எரியாதா பின்னே? அவளை ஒரு வாய் சாப்பிட வைக்க நான் செய்யாத சர்க்கஸ் இல்லை. இவன் லுங்கியோடு வந்து ஒரே கிண்ணத்தில் காரியத்தை முடித்துவிட்டான்.

“மாப்ள, இன்னிக்கு இதுல ரசம் வெச்சிக் குடு. பூண்டு போட்றாத, என்ன?” என்று எனக்கு உத்தரவு வேறு.

போன வாரம் இந்தப் பத்தியில் கம்பெனி வேன் டிரைவரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ‘உங்களுக்கு எல்லோர் மீதும் நல்லெண்ணம்தான் போலிருக்கிறது’ என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அந்த அம்மாவுக்காகவே இந்த வாரம் குமரேசனை எடுத்துக்கொண்டேன்.

மூக்கு கோணிய கதை

அந்த வருடம் சரோஜாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. போகும்போது அவளுடைய வாசனையையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. கொஞ்ச நாளில் வாசனை திரும்பி வந்ததென்னவோ உண்மை. ஆனால் கோணலாக வந்தது. வெங்காயம் வதக்கினால் டயர் எரிகிறது என்பாள். காபியைக் கொடுத்தால் சாக்கடை என்பாள். சோறு கொதிக்கிற ஆவி பட்டாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள்.

யார் இப்படி? மீன்காரன் கூடையைத் திறப்பதற்குள் “இது நேத்து மீனு, எடுத்துட்டுப் போப்பா” என்று திருப்பி அனுப்புகிறவள். பக்கத்துப் போர்ஷனில் குழம்பு கொதித்தால் அதில் வெந்தயம் தீய்ந்துவிட்டது என்று இங்கிருந்தே சொல்கிறவள். அவள் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து, மாத்திரை மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தாள். கையில் கிடந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப்போய்க்கொண்டிருந்தது.

மெயின் ரோட்டு கிளினிக் டாக்டரம்மா, “ஊட்டா மாட்லே பேக்கு” என்று அவளிடம் கன்னடத்தில் கண்டிப்பாகச் சொன்னார். சாப்பிட்டே தீர வேண்டுமாம். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் தமிழுக்கு மாறினார். “வெயிட் இப்படியே எறங்கினா அட்மிட் பண்ணி, மூக்கு வழியா ட்யூப் போட வேண்டி வரும். மனசைத் தயார் பண்ணிக்குங்க.”

நான் அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தேன். ஒரே மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தாள். போனில் அழுவாள், அழுது முடித்ததும் ஏதாவது வீடியோ அனுப்புவாள். அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் நான் கஞ்சி, கூழ், சூப்பு என்று சமைக்கப் பழகினேன். எதை வைத்தாலும் சரோஜா ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, என் முகம் வாடக் கூடாதே என்று சிரிக்கப் பார்ப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்குத் தட்டை அவள் என் மேல் விட்டெறிந்திருக்கலாம்.

குமரேசன் கிண்ணம் கொடுத்த அன்று ரசம் வைத்தேன். மிளகு, சீரகம், அந்தத் தக்காளி, அவ்வளவுதான். இரண்டு டம்ளர் குடித்தாள். குடித்துவிட்டு, “அண்ணனுக்குக் கைராசி” என்றாள்.

ரசம் வைத்தது யார்? நான். புளிப்புச் சரியாக இருக்கிறதா என்று ஏழு தடவை நாக்கில் விட்டுப் பார்த்தது யார்? நான். கைராசி மட்டும் குமரேசனுக்கு!

இவனுக்கு நான் எப்படி மாப்பிள்ளை ஆனேன்

குமரேசனும் நானும் பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பம்புக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி. நான் இன்ஸ்பெக்‌ஷன் மேஜை, அவன் ஸ்டோர்ஸ். ஒரு ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். பொரிக் கடலை வாங்க வரிசையில் நின்றபோது, சரோஜாவும் அவனும் பாலக்கோட்டுப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. “அட, நம்மூர் அண்ணனா!” என்றாள் இவள். அவ்வளவுதான். அந்த நிமிடம் முதல் அவளுக்கு அவன் அண்ணன். எனக்கு மச்சான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஷிப்ட் இன்சார்ஜ் வேலை காலியானபோது, அது எனக்குத்தான் என்று மொத்த ஷெட்டும் சொன்னது. கிடைத்தது குமரேசனுக்கு. ஏன் என்று கேட்டால் எனக்கு ஒரு காரணம்தான் தெரியும். அவன் மேனேஜரைப் பார்க்கும்போதெல்லாம் கன்னடத்தில், அவர் வீட்டு மாமரம் இந்த வருடம் பூத்ததா என்று விசாரிப்பான். நானும் இந்த ஊருக்கு மீசை முளைத்த வயதில் வந்தவன்தான். என் கன்னடம் பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதோடு நின்றுவிட்டது.

பொம்மனஹள்ளியில் இப்போதிருக்கிற வீட்டைப் பார்த்துக் கொடுத்ததும் அவன்தான். நாங்கள் இரண்டாவது மாடி, அவன் முதல் மாடி. மனைவி தவறிப்போன பிறகு தனியாக இருந்தான். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்று பேச்சு. பொது என்றால் எப்படி? வெயில் அடிக்கிற கைப்பிடிச் சுவர் நெடுக அவனுடைய வாளிகள். எங்களுக்குத் துணி காயப்போடும் கொடியும், படிக்கட்டு ரூமின் தகர ஷீட்டுக்குக் கீழே ஒரு மூலையும்.

தக்காளியில் அவனுக்கு அப்படி ஒரு பைத்தியம். நாட்டு ரகம்தான் வைப்பான். ஊர்ப்பக்கம் போனால், தோல் தடித்து, நீள உருண்டையாக, தரையில் போட்டால்கூட உடையாத ஒரு தக்காளியைப் ‘பெங்களூர்த் தக்காளி’ என்று விற்பார்கள். அந்தப் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அவன், தொட்டாலே கன்றிப்போகிற நாட்டுத் தக்காளியைச் செடியிலேயே சிவக்க விட்டுப் பறிப்பான். நானும் சந்தையில், இந்த ஊர்க்காரர்கள் நாட்டு ரகத்தைச் சொல்கிற மாதிரி ‘நாட்டி’ என்று கேட்டு வாங்கி வந்து ரசம் வைத்துப் பார்த்தேன். சரோஜா ஒரு வாயோடு டம்ளரைத் தள்ளிவிட்டாள்.

ஆக, என் மனைவி உயிரோடு இருப்பது வாரத்துக்கு இரண்டு தடவை அவன் கொண்டுவருகிற கிண்ணத்தில் இருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் அவன் பெயர் வேறு வெட்டியிருக்கும். அதைக் கழுவிக் கவிழ்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைப்பேன்.

நானும் வைத்தேன் செடி

ஒரு கன்று கொடு என்று கேட்டிருந்தால் குமரேசன் பத்துக் கொடுத்திருப்பான். அதுதானே பிரச்சினை! நான் ஓசூர் ரோட்டு நர்சரிக்குப் போய் நான்கு கன்று வாங்கி வந்தேன். பெயின்ட் வாளிகளின் அடியில் துளை போட்டு, செம்மண், மக்கிய சாணம், தேங்காய் நார்த்தூள் எல்லாம் கலந்து நிரப்பினேன். வேலையில் குறை வைக்கவில்லை. அளவு பார்த்தே வயிறு வளர்த்தவன் நான்.

அது தண்ணீர்ப் பஞ்சக் கோடை. போர் வற்றிவிட்டது, டேங்கர் வந்தால்தான் உண்டு. தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே பழக்கம்தான். குடிதண்ணீர் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரைக் குழாய் போட்டுப் பக்கெட்டில் பிடித்து வைப்பது. பாத்திரம் துலக்க, தரை துடைக்க, செடிக்கு ஊற்ற, எல்லாம் அதுதான். நானும் காலை, மாலை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி அதைத்தான் ஊற்றினேன். தண்ணீரை வீணாக்காத உத்தமன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

இலை ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது. வெயில் அதிகம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மூன்று கன்று செத்துப்போனது. நான்காவது மட்டும் முக்கி முனகி மூன்று காய் வைத்தது. பழுத்துவரும்போது பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் அடிப்பாகம் தோல் செருப்பு மாதிரி கறுத்துக் கிடந்தது.

அந்தப் பக்கம் குமரேசன் செடிகளோ, கொத்துக் கொத்தாகக் கண்ணைப் பறித்தன. போகிறபோக்கில் ஒரு இலையைக் கிள்ளி எறியத் தோன்றும். செய்யவில்லை. அந்தச் செடியில் தானே இவளுடைய ரசம் இருந்தது!

கறுத்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தில் ரசம் வைத்தேன். டம்ளரை நீட்டும்போதே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“சரோஜா, இது நம்ம செடி தெரியுமா? நான் வளர்த்தது.”

“அப்படியா?” என்று ஆசையாகத்தான் வாங்கினாள். ஒரு மடக்குக் குடித்ததும் முகம் சுருங்கியது. “தப்பா எடுத்துக்காதீங்க. துருப்பிடிச்ச இரும்பு வாடை அடிக்குது. அண்ணன் குடுத்த பழம் இருந்தா அதுல வெச்சிக் குடுங்களேன்.”

மிச்சத்தை நானே குடித்தேன். துருவும் இல்லை, இரும்பும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

தொட்டிக்குப் பின்னால் நின்றவன்

அதற்கப்புறம் நான் உளவு பார்க்க ஆரம்பித்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் உண்டு. காலை வெயில் ஏறியதும் குமரேசன் மேலே வருவான். நான் முன்னாடியே போய் நின்றுகொள்வேன். அறுபது வயது மனுஷன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரி சாப்பிடாமல் கிடந்தால் தெரியும்.

முதல் நாள் பார்த்தபோது பயந்துவிட்டேன். அவன் பூக்கொத்து ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, மெதுவாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மந்திரம் போடுகிறான் படுபாவி என்றே முடிவு கட்டினேன். கிட்டத்தில் வந்தபோதுதான் காதில் மாட்டியிருந்த ஒயர் தெரிந்தது. துபாயில் இருக்கிற மகனோடு கரண்ட் பில் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

ஆனால் சுண்டுவது நிஜம். மாடியில் தேனீ குறைவு. பூவைச் சுண்டினால் மகரந்தம் அந்தப் பூவுக்குள்ளேயே உதிர்ந்து காய் பிடிக்கும். தண்ணீரை இலைமேல் படவிடாமல் வேரோரமாக ஊற்றினான். மண்ணைத் தொடுகிற அடி இலைகளைக் கத்தரித்தான். தண்டுக்கும் இலைக்கும் நடுவே முளைக்கிற பக்கக் கிளைகளைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டான். ஊற்றியது அரிசி களைந்த தண்ணீர். ஆர்.ஓ. பக்கெட்டை அவன் மேலே கொண்டுவந்து நான் பார்த்ததே இல்லை.

அவன் இறங்கிப் போனபின் என் வாளிகளைக் குனிந்து பார்த்தேன். மண்மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு. பாத்ரூம் குழாயின் வாயில் படிந்து, சுரண்டினாலும் போகாத அதே வெள்ளை. தண்ணீரிலுள்ள உப்பையெல்லாம் அந்த மெஷின் பிரித்து வெளியே தள்ளுகிறது. நான் அதையே பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து என் செடிக்குக் கொட்டியிருக்கிறேன். நல்ல தண்ணீரை நாங்கள் குடித்துக்கொண்டு உப்பைச் செடிக்குக் கொடுத்தால் அது வேறென்ன செய்யும்?

மண்ணை மாற்றினேன். குமரேசன் கிள்ளிப் போட்டிருந்த பக்கக் கிளைகளில் நல்லதாக இரண்டைப் பொறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தேன். தக்காளிக் கிளைக்கு வெட்கமே கிடையாது. ஒரே வாரத்தில் தண்டெல்லாம் வெள்ளை வேர் விட்டது. ஒன்று அழுகியது, ஒன்று நின்றது. அதை வாளியில் பாதித் தண்டு புதைகிற ஆழத்துக்கு நட்டு, தகர ஷீட்டுக்குக் கீழே என் மூலையில் வைத்தேன். கிழக்கு வெயில் மட்டும் நன்றாக வரும். அவன் கண்ணில் படக் கூடாதென்று முன்னால் உடைந்த கட்டில் பலகை ஒன்றைச் சாய்த்து மறைத்தேன்.

கிளை அவனுடையதாக இருக்கலாம். அவன் வேண்டாமென்று குப்பையில் போட்டது அது. அரிசி களைந்த தண்ணீர் ஊற்றியதும், பழைய சேலையைக் கிழித்துக் குச்சியோடு கட்டியதும், பூவைச் சுண்டியதும் நான். சரோஜாவிடம் மூச்சுவிடவில்லை. இதுவும் சரியாக வராவிட்டால், காலம் முழுக்கத் துரு வாடை என்ற பெயரோடு இருக்க என்னால் முடியாது.

வேண்டிக்கொள்ளாமலே பெய்த மழை

பிறகு மழை வந்தது. இந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியும். கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது, நாள் முழுக்க நசநசவென்று தூறும். ஒரு வாரம் சூரியனையே காணோம்.

ஒரு காலையில் மேலே போனேன். குமரேசன் கைப்பிடிச் சுவரோரம் குந்தியிருந்தான். அவன் செடிகளின் இலையெல்லாம் பழுப்பு வளையம். தண்டு கறுத்து, காய்கள் அவித்த கத்தரிக்காய் மாதிரி தொங்கின. தூறல் இலையிலேயே தங்கித் தங்கி நோய் பிடித்துவிட்டது. ஒரு செடியை இழுத்தான், வேரோடு கையில் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அப்பாடா! ஷிப்ட் இன்சார்ஜ், மச்சான், கைராசிக்காரன், எல்லாம் போச்சா? நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

“போச்சு மாப்ள, மொத்தமும் போச்சு. தங்கச்சிக்கு இனி என்னத்தைக் குடுக்கறது?”

அடப்பாவி, அதைக்கூட நீதான் முதலில் நினைக்க வேண்டுமா? என் பெண்டாட்டிக்கு என்ன கொடுப்பது என்ற கவலையில்கூட என்னை முந்திக்கொண்டானே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. எது அழிந்ததென்று நான் குளிர்ந்தேனோ அது சரோஜாவின் சோறு. முதுகில் மழைத் தண்ணீர் இறங்கியது. மடமடவென்று கீழே வந்துவிட்டேன்.

“அண்ணன் ரெண்டு நாளா காணோமே?” என்றாள் சரோஜா.

“பழுக்கலையாம். மழை பாரு.”

ஃப்ரிட்ஜில் இருந்த கடைசிப் பழங்களில் ஒருநாள் ஓடியது. மறுநாள் பிஸ்கட். அதற்கும் மறுநாள் பிஸ்கட்டும் வேண்டாம் என்றாள். எலுமிச்சம்பழத்தில் ரசம் வைத்தேன், வாந்தி எடுத்தாள். திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போய் எடை பார்க்க வேண்டும். அந்த டாக்டரம்மா சொன்ன ட்யூப் என் கண்முன்னே ஆடிக்கொண்டே இருந்தது.

என் மூலை

மேலே, பலகைக்குப் பின்னால் என் செடி நின்றுகொண்டிருந்தது. ஒட்டுமொத்த மாடியிலும் நனையாத இடம் அந்தத் தகர ஷீட்டுக்குக் கீழேதான். மழை நாளிலும் இலை காய்ந்தே இருந்தது. நோய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கென்று ஒதுக்கிய அரை வெயில் மூலை இது என்று எத்தனை நாள் பல்லைக் கடித்திருக்கிறேன்!

நான்கு காய். நல்ல உருண்டை, அடியில் கறுப்பு இல்லை. ஆனால் பச்சை. வெயில் இல்லாமல் பழுக்க அடம்பிடித்தன. நிறம் மாறியதா என்று பார்க்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை படியேறினேன் என்று எனக்கே தெரியாது. முட்டி விட்டுப்போச்சு. பறித்து அரிசிப் பானைக்குள் போடலாமா என்று கை பரபரக்கும். செடியில் சிவந்தால்தான் அவளுக்கு வாசனை வரும் என்று பேசாமல் இறங்கி வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேசாக வெயில் அடித்தது. நான்கில் மூன்று சிவந்திருந்தன. பறித்தபோது விரலெல்லாம் அந்தப் பச்சை வாசனை. சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரசம் வைத்தேன். குக்கரில் ஒரு பிடி அரிசி போட்டேன். அது எனக்கு. அவளுக்கு முன்னால் சோற்றுத் தட்டை வைத்து எத்தனையோ நாளாகியிருந்தது.

டம்ளரைக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் வாங்கி, ஆவியை முகர்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணன் குடுத்ததாங்க?”

‘இல்லை, என்னுடையது’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தேன்! ஆனால் போன தடவை என்னுடையது என்று சொல்லிக் கொடுத்தபோது சுருங்கிய முகம் ஞாபகம் வந்தது. மறுநாள் திங்கட்கிழமை.

“ஆமா. குமரேசன் குடுத்ததுதான்” என்றேன்.

குடித்தாள். டம்ளரைக் கீழே வைக்காமல் குடித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, “ஒரு கை சோறு போட்டுக் கொண்டாங்க, பெசஞ்சு பாக்கறேன்” என்றாள். எனக்காக வைத்த சோற்றை அப்படியே தட்டில் கவிழ்த்துக் கொண்டுபோனேன்.

அவள் பிசைந்து இரண்டாவது வாய் வைக்கும்போது, நேரம் பார்த்து வந்தான் குமரேசன். கதவைத் தட்டினானா? இல்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு வாசலில் நின்றவன், சோற்றையும் சரோஜாவையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

“வாங்கண்ணா!” என்றாள் சரோஜா, வாய் நிறையச் சோற்றோடு. “இந்தத் தடவை உங்க தக்காளி எல்லாத்தையும் தூக்கிச் சாப்ட்ருச்சு. இதுவரைக்கும் குடுத்ததுல இதுதாண்ணா ருசி.”

குமரேசன் என்னைப் பார்த்தான். அவன் செடிகள் குப்பை வண்டியில் போய் ஒரு வாரம் ஆகிறது. நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கையைக்கூடக் கூப்பினேன் என்று நினைக்கிறேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டோர்ஸில் இருந்த காலத்திலேயே சட்டென்று பிடித்துக்கொள்கிறவன். அமைதியாக ‘சாப்பிடும்மா’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா? போவானா?

“பின்னே? யாரு செடி!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “அதுக்குன்னு ஒரு பக்குவம் வேணும்மா. எல்லாராலயும் ஆவாது. மாப்ளைய கேளு, சொல்வாரு.”

“அவரு வெச்ச செடியத்தான் பாத்தனே” என்று சிரித்தாள் சரோஜா. நிஜமான சிரிப்பு. எனக்காகச் சிரித்துக் காட்டுகிற சிரிப்பு இல்லை.

வயிறு எரிந்தது பாருங்கள், அன்றைக்கு எரிந்த மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் வாளி, என் மூலை, என் முட்டி, என் ரசம். பாராட்டு வாங்குகிறவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். இழுத்து நாலு அறை விடலாமா என்று இருந்தது. அவன் கண்ணில் தண்ணீர் நின்றதையும் பார்த்தேன். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“ஏங்க” என்றாள் சரோஜா. தட்டு காலியாக இருந்தது. அதை என் பக்கம் நீட்டினாள். “இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க.”

சமையலறைக்கு ஓடிப்போய்க் குக்கரைத் திறந்தேன். ஒரு பருக்கை இல்லை. மறுசோறு கேட்க ஆள் இல்லாத வீட்டில் ஒரு பிடிக்கு மேல் யார் வடிப்பார்கள்?

“கொஞ்சம் பொறு சரோஜா, இதோ வெச்சிட்டேன்” என்று கத்தினேன். அரிசியை அளக்காமல் அள்ளிப் போட்டேன். களையும்போது பாதி அரிசி சிங்க்கில் கொட்டியது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கதவோரமாக எட்டிப் பார்த்தேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. எச்சில் கையைக் கழுவாமல், தட்டை மடியில் வைத்துக்கொண்டு, குக்கர் விசில் அடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.